கொட்டாத குளவி

குளவி கொட்டினால் நம் வீடுகளில் முதலில் தேடுவது சுண்ணாம்பு டப்பாவை. கொட்டிய இடத்தில் ஒரு தீற்று. வீங்கும், கடுக்கும், ரெண்டு நாள் கையைத் தூக்க முடியாது. மூன்றாம் நாள் மறந்தே போய்விடும். நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கதை இத்தோடு முற்றும்.

மிச்சமிருக்கும் சிலருக்குத்தான் கதையே இங்கே ஆரம்பிக்கிறது. கொட்டிய பத்து நிமிடத்துக்குள் உடம்பு முழுக்கத் தடிப்பு. உதடு வீங்குகிறது. தொண்டையை யாரோ பிடித்து இறுக்குவது மாதிரி இருக்கிறது. ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்க, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. யாரோ புண்ணியவான் அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, அட்ரினலின் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, ஆள் பிழைத்துவிடுகிறார். மறுநாள் டிஸ்சார்ஜ்.

இதுவரை நடந்தது வைத்தியம். எந்த மருத்துவப் புத்தகத்தை எடுத்தாலும் இருக்கும். நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த நாள் நடப்பதை. வீட்டுக்கு வந்த அந்த மனிதர் ஜன்னலைத் திறக்கலாமா என்று யோசிக்கிறார். மாம்பழம் நறுக்கிய தட்டைத் தள்ளி வைக்கிறார். தோட்டத்துப் பக்கம் போவதே இல்லை. எங்கேயாவது 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்டால் போதும், நெஞ்சு படபடக்கிறது. அது ஃபேன் சத்தமாகக்கூட இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

கொட்டிய குளவியை டாக்டர் பார்த்துக்கொள்வார். இனிமேல் கொட்டப்போகிற, ஒருவேளை கடைசிவரை கொட்டாமலே போய்விடக்கூடிய குளவியை யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் பதில் தேடிய கதை நூறு வருஷத்துக்கு மேல் நீளமானது. நடுவில் ஓர் ஐம்பது வருஷம் மொத்தமாகத் தப்புக் கணக்கு.

முதலில் ஒரு நாய்.

1901-ம் வருஷம். மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சி என்றால் உயிர். தன் சொந்தக் கப்பலில் விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த முறை உடன் போனவர்கள் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். கடலில் மிதக்கிற ஒரு ஜெல்லி மாதிரி ஜந்து, பட்டால் சாட்டையடி விழுந்த மாதிரி எரியுமாம். அதன் விஷம் என்ன என்று பார்ப்பதுதான் வேலை. பாரிஸுக்குத் திரும்பியதும் அந்த ஜந்து கிடைக்கவில்லை. சரி, இது இல்லாவிட்டால் அது என்று கடல் அனிமோன் என்ற வேறொரு பிராணியின் விஷத்தை எடுத்து நாய்களுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள்.

அதில் ஒரு நாயின் பெயர் நெப்டியூன். நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசி போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. 22 நாள் கழித்து, அதே அளவில் இரண்டாவது ஊசி. தடுப்பூசிக் கணக்குப்படி பார்த்தால் இந்த இரண்டாவது ஊசியை நாய் இன்னும் சுலபமாகத் தாங்க வேண்டும். ஆனால் சில விநாடியில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நிற்க முடியாமல் சாய்ந்தது. ரத்த வாந்தி. 25 நிமிடத்தில் செத்துப்போனது.

ரிஷேக்குத் தலை சுற்றிவிட்டது. முதல் ஊசி நாயைப் பாதுகாக்கவில்லை. காட்டிக்கொடுத்துவிட்டது. பாதுகாப்பு என்ற அர்த்தம் வரும் கிரேக்கச் சொல்லுக்கு எதிர்ப்பதமாக ஒரு சொல்லை 1902-ல் அவர்கள் உருவாக்கினார்கள்: அனாபைலாக்சிஸ். 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெப்டியூனுக்கு, வழக்கம்போல, ஒன்றும் இல்லை.

இந்தக் கண்டுபிடிப்பின் நிஜமான பயங்கரம் எங்கே இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த 22 நாட்களில். வெளியில் பார்த்தால் நாய் ஆரோக்கியமாக வாலாட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே எல்லாம் தயாராகிவிட்டது. நாய்க்கு அது தெரியாது. நிம்மதியாகத் தூங்கியிருக்கும். மனிதனுக்குத் தெரியும். ஒரு தடவை கொட்டு வாங்கிச் சாவை எட்டிப்பார்த்துவிட்டு வந்தவன், அடுத்ததுக்குக் காத்துக்கொண்டே இருப்பான்.

காத்திருப்பவனுக்கு மருந்து கொடுத்தே ஆகவேண்டும் இல்லையா? ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் லியோனார்ட் நூன் என்ற டாக்டர், புல்லின் மகரந்தத்தால் தும்மிக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த மகரந்தச் சாற்றையே துளித்துளியாக ஊசியில் ஏற்றிப் பழக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினால் உடம்பு எதிரியோடு சமாதானமாகிவிடும் என்பது தத்துவம். மகரந்தத்துக்குப் பலித்தது பூச்சிக்கும் பலிக்காதா?

பலிக்கும். ஆனால் பூச்சியின் எந்தப் பகுதியை ஏற்றுவது? இங்கேதான் கோளாறு.

1930-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் பென்சன், செமனோவ் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். தேனீ அலர்ஜிக்குக் காரணம் விஷத்தில் மட்டும் இல்லை, தேனீயின் உடம்பு முழுக்கவே இருக்கிறது என்றார்கள். அப்படியானால் கடுகளவு விஷப்பையைத் தேடிப் பிரிப்பானேன்? முழுத் தேனீயையும் அரைத்துச் சாறெடுத்து ஊசி போட்டால் போயிற்று. தயாரிக்கச் சுலபம், விலையும் சல்லிசு. மருந்துக் கம்பெனிகளுக்குக் கசக்குமா? முழுப் பூச்சிச் சாறு மார்க்கெட்டுக்கு வந்தது. தேனீக்குத் தேனீச் சாறு, குளவிக்குக் குளவிச் சாறு. நம்ம ஊர்க் கஷாயம் மாதிரி, என்ன ஒன்று, ஊசியில்.

1930 இந்த விஷயத்தில் ராசியில்லாத வருஷம் போலிருக்கிறது. அதே வருஷம்தான் வாடெல் என்ற ஆசாமி ஒரு புத்தகத்தில், எகிப்தின் முதல் மன்னன் மெனெஸ் குளவி கொட்டிச் செத்தான் என்று எழுதிவைத்தார். பழைய மரப்பலகையில் இருந்த சித்திர எழுத்தை அவர் படித்த லட்சணம் அது. பண்டைய வரலாற்றாசிரியர்கள் மெனெஸைக் கொன்றது நீர்யானை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நீர்யானையை விட்டுவிட்டுக் குளவியைப் பிடித்துக்கொண்ட அலர்ஜி புத்தகங்கள், 'உலகின் முதல் பூச்சி அலர்ஜி மரணம்' என்று ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தன. 2004-ல்தான் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை உட்கார்ந்து சரிபார்த்து, இது கட்டுக்கதை என்று முடித்துவைத்தது. எழுபது வருஷத்துக்கு மேல் எந்த டாக்டரும் சந்தேகப்படவில்லை.

பூச்சிச் சாற்றையும் அப்படித்தான் நம்பினார்கள். வாரம் ஒரு ஊசி, மாசம் ஒரு ஊசி என்று வருஷக்கணக்கில் ஜனங்கள் போட்டுக்கொண்டார்கள். போட்டுக்கொண்டவர்கள் தைரியமாகத் தோட்டத்துக்குப் போனார்கள். பிள்ளைகளை விளையாட அனுப்பினார்கள். 1965-ல் அமெரிக்க அலர்ஜி அகாடமியின் பூச்சிக் கமிட்டி, ஆயிரக்கணக்கில் கேள்வித்தாள்களைச் சேகரித்து ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஊசி நன்றாக வேலை செய்கிறது என்றார்கள். 'சாறு போட்டுக்கொண்டேன், அப்புறம் கொட்டியது, ஒன்றும் ஆகவில்லை' என்று நோயாளிகளே சொல்லும்போது யார்தான் மறுப்பார்கள்?

ஒருவர் மறுத்தார். ஒரே ஒரு பெண்மணி.

மேரி லவ்லெஸ். நியூயார்க்கில், கார்னெல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தவர். அந்தக் காலத்தில் இந்தத் துறையில் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 'கொட்டும்போது குளவி நம் உடம்புக்குள் இறக்குவது விஷத்தை. தன் இறக்கையையும் காலையும் இல்லை. அப்புறம் எதற்கு இறக்கையையும் காலையும் அரைக்கிறீர்கள்?' இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். எவ்வளவு எளிமை! ஒரு சமையல்காரம்மா கேட்டிருக்கக்கூடிய கேள்வி. பெரிய பெரிய டாக்டர்களுக்குத் தோன்றவில்லை.

லவ்லெஸ் வெறும் வாயால் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. தானே குளவி பிடிக்கக் கிளம்பினார். பிடித்த குளவிகளின் பின்பக்கத்திலிருந்து விஷப்பையை ஒவ்வொன்றாக இடுக்கியால் உருவி எடுத்தார். அந்த விஷத்தைக் கரைத்து நோயாளிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். அதோடு நிற்கவில்லை. சிகிச்சை முடிந்ததும், நோயாளியின் கையில் நிஜமான, உயிருள்ள குளவியை வைத்துக் கொட்டவிட்டார்! பக்கத்தில் மருந்தெல்லாம் தயாராக இருக்கும். அவர் முன்னிலையில் கொட்டும். காத்திருப்பார்கள். ஒன்றும் ஆகாது.

இது பலம் பார்க்கிற பரீட்சை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கலாம். அந்தப் பரீட்சைக்கு வேறொரு பலனும் இருந்தது என்பது தெரியவர இன்னும் அறுபது வருஷம் ஆக வேண்டியிருந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

1956-ல் லவ்லெஸ் தன் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவ உலகம் என்ன செய்தது? கொட்டாவி விட்டது. நோயாளிகள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த்தரப்பு இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இதில் வேடிக்கை, அவர்கள் போற்றிய பூச்சிச் சாறுக்கும் எதிர்த்தரப்பு வைத்து யாரும் பரீட்சை செய்யவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம்!

கடைசியில் அந்தப் பரீட்சையை வைத்தவர்கள் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள். லாரன்ஸ் லிக்டன்ஸ்டைன், மார்ட்டின் வாலன்டைன், இன்னும் சிலர். 1974-ல் இவர்கள் தூய விஷத்தால் ஒரு நோயாளிக்குப் பலன் கிடைத்ததை எழுதினார்கள். ஒரு நோயாளியை வைத்து ஊர் நம்பாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனவே 1978-ல் முழுப் பரீட்சை.

கொட்டு வாங்கி ஆபத்தான நிலைக்குப் போய்வந்த 59 பேரைச் சேர்த்தார்கள். மூன்று கோஷ்டி. ஒன்றுக்கு விஷ ஊசி. இன்னொன்றுக்குப் பழைய பூச்சிச் சாறு. மூன்றாவதுக்கு மருந்தே இல்லாத டம்மி ஊசி. ஆறிலிருந்து பத்து வாரம் கழித்து நிஜப் பூச்சியைக் கொண்டுவந்து கொட்டவிட்டார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களின் மனசை நினைத்துப் பாருங்கள். தனக்குப் போட்டது எந்த ஊசி என்று தெரியாது. எதிரே குளவி.

கொட்டு வாங்கியவர்கள் மொத்தம் 41 பேர். டம்மி ஊசி போட்ட 12 பேரில் 7 பேருக்கு உடம்பு முழுக்க ரியாக்ஷன். விஷ ஊசி போட்ட 18 பேரில் ஒரே ஒருவருக்கு. பூச்சிச் சாறு? 11 பேரில் 7.

மறுபடி படியுங்கள். டம்மியில் 12-க்கு 7. சாற்றில் 11-க்கு 7. அரை நூற்றாண்டாக லட்சோபலட்சம் ஊசியாக உள்ளே போன அந்த மருந்தும், மருந்தே இல்லாத ஊசியும் ஒன்று. கதை கந்தல்!

அப்படியானால் 'எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று அத்தனை பேர் சொன்னார்களே, அவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. டம்மி கோஷ்டியில் மீதி ஐந்து பேரைப் பாருங்கள். மருந்தே இல்லாமல், கொட்டு வாங்கியும், ஒன்றுமில்லாமல் எழுந்து போனார்கள். ஒரு தடவை ஆபத்தான ரியாக்ஷன் வந்தவர்களில் ஒரு பெரும் பகுதிக்கு அடுத்த தடவை அது வருவதே இல்லை. இயற்கை மன்னித்துவிட்ட ஆட்களை எல்லாம் சாறு தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தது. கொட்டே வாங்காமல் காலம் தள்ளியவர்களையும் சேர்த்துத்தான்.

ஆனால் ஒன்று. அந்த ஐம்பது வருஷமும் சாறு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒரு பொருள் மட்டும் நிஜமாகவே கிடைத்தது. தைரியம். உடம்புக்குப் பாதுகாப்பு பூஜ்யம், மனசுக்கு நிம்மதி முழுசு. இதை மோசடி என்பதா, ஆறுதல் என்பதா? நிம்மதியாகத் தோட்டத்துக்குப் போய்ச் செத்தவர்களின் வீட்டில் கேட்டால் முதல் வார்த்தையைத்தான் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

1979-ல் அமெரிக்க அரசு தூய விஷ மருந்துக்கு லைசென்ஸ் கொடுத்தது. லவ்லெஸ் சொன்னதிலிருந்து எண்ணினால் 23 வருஷம். அப்போது அவருக்கு வயது எண்பது.

சிகிச்சை என்னவோ இன்றைக்கும் அதேதான். வாரா வாரம் அளவைக் கூட்டிக்கொண்டே போய், நூறு மைக்ரோகிராமில் நிறுத்துவார்கள். ஏறக்குறைய இரண்டு தேனீ ஒரே நேரத்தில் கொட்டுகிற அளவு. அப்புறம் மாசம் ஒன்று. மூன்றிலிருந்து ஐந்து வருஷம் வரை. ஊசி போட்ட பிறகு அங்கேயே உட்கார வைத்துக் கவனித்துத்தான் அனுப்புவார்கள், ஏனென்றால் ஊசியாலேயே ரியாக்ஷன் வரலாம். பயந்த சுபாவக்காரர்கள் முதல் வாரமே ஓடிவிடுவதும் உண்டு. குறை சொல்ல முடியுமா? எதைக் கண்டு செத்துச் செத்துப் பிழைக்கிறாரோ அதையே சிரிஞ்சில் நிரப்பி எதிரே நிற்கிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று குறுக்குவழி ஒன்றும் வந்தது. எபிபென். பேனா மாதிரி இருக்கும். தொடையில் ஓங்கி அழுத்தினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி அட்ரினலினை இறக்கிவிடும். ஷெல்டன் காப்லன் என்ற இன்ஜினீயர், யுத்தத்தில் விஷவாயு தாக்கினால் சிப்பாய் தனக்குத் தானே மாற்று மருந்து போட்டுக்கொள்வதற்காகச் செய்த கருவியின் மறு அவதாரம் இது. 1987-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

டாக்டர்களுக்குப் பெரிய நிம்மதி. வருஷக்கணக்கில் ஊசி, காத்திருப்பு, செலவு எதுவும் வேண்டாம். 'இந்தப் பேனாவைப் பாக்கெட்டில் வைத்துக்கொள். கொட்டினால் குத்திக்கொள். போய் வா.' நியாயமான யோசனையாகத்தான் தெரிகிறது, இல்லையா?

போய் வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தது ஹாலந்தின் குரோனிங்கன் நகரத்து மருத்துவக் குழு. ஔடே எல்பெரிங்க் என்ற டாக்டர் தலைமையில். யெல்லோ ஜாக்கெட் என்று ஒரு குளவி அங்கே பிரசித்தம். கறுப்பும் மஞ்சளுமாகச் சட்டை போட்ட மாதிரி இருக்கும். வருஷா வருஷம் நம் தினசரிகளில் சாவுச் செய்தியாக வருகிறதே கதண்டு, அதற்குப் பங்காளி. இந்தக் குளவி கொட்டி ஆபத்துக்குப் போனவர்களுக்கென்றே 14 கேள்வி கொண்ட ஒரு கேள்வித்தாளைத் தயாரித்தார்கள். ரத்தத்தில் என்ன இருக்கிறது, தோலில் என்ன இருக்கிறது என்ற கேள்வியெல்லாம் இல்லை. மனசில் என்ன இருக்கிறது, அது அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது. அவ்வளவுதான். ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க்.

பிறகு நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு விஷ ஊசிச் சிகிச்சை. மீதிப் பேருக்கு எபிபென். ஒரு வருஷம் கழித்து அதே கேள்வித்தாள். 2002-ல் முடிவு வந்தது.

விஷ ஊசி போட்டவர்களின் மார்க் நன்றாக ஏறியிருந்தது. மூன்று பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் இரண்டு பேருடைய வாழ்க்கையில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது மற்றக் கோஷ்டி. உயிர் காக்கும் கருவி கையிலேயே இருக்கிறது. அவர்கள் மார்க் ஏறவில்லை. இறங்கியிருந்தது!

ஏன்? நாம் தாயத்து கட்டிக்கொள்கிறோம். கட்டியதும் மறந்துவிடுகிறோம். மறந்துவிடுவதுதான் தாயத்தின் மகிமையே. எபிபென்னை மறக்க முடியாது. வெளியே கிளம்பும்போதெல்லாம் எடுத்தோமா என்று தடவிப் பார்க்கணும். வெயிலில் வைக்கக் கூடாது. எக்ஸ்பயரி தேதி பார்க்கணும். நேரம் வந்தால் தனக்குத் தானே குத்திக்கொள்ள வேண்டும், அப்போது கை நடுங்காமல் இருக்குமா என்று யோசனை ஓடும். ஒவ்வொரு தடவை தொடும்போதும் அந்தப் பேனா ஒரே ஒரு சேதியைத்தான் சொல்கிறது: 'நீ சாகக்கூடிய ஆள்.'

பூச்சிச் சாறு, பாதுகாப்பே இல்லாமல் நிம்மதி கொடுத்தது. எபிபென், பாதுகாப்பு கொடுத்து நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே பொருள் என்று நினைத்ததுதான் மருத்துவம் செய்த தவறு. எபிபென் வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். ஆபத்தில் உயிர் காப்பது அட்ரினலின்தான். டாக்டர் கொடுத்திருந்தால் கையோடு வைத்திருக்கத்தான் வேண்டும். நான் பேசுவது ஆபத்து இல்லாத மிச்ச 364 நாளைப் பற்றி.

இனி நான் படித்த படிப்புக்கு வேலை வருகிறது. பி.காம். கணக்கு பார்க்கலாம், வாருங்கள்.

பிரிட்டனில் நைஸ் என்றொரு அரசு அமைப்பு உண்டு. பெயர்தான் நைஸ், கறாரான அமைப்பு. எந்த மருந்துக்கு அரசுப் பணத்தைச் செலவழிக்கலாம் என்று சொல்வது அதுதான். ஒரு மருந்து ஒரு மனிதனுக்கு 'தரமான ஓர் ஆண்டு வாழ்க்கையை' வாங்கிக் கொடுக்க எத்தனை பவுண்டு ஆகிறது? அந்தச் சமயத்தில் 20 ஆயிரத்திலிருந்து 30 ஆயிரத்துக்குள் என்றால் சரி. அதற்கு மேலே போனால் மூக்கைச் சுளிப்பார்கள். கொட்டு அலர்ஜிக்கான விஷ மருந்தின் கணக்கைப் போட்டுத் தரும்படி லிவர்பூல் பல்கலைக்கழகக் குழுவிடம் சொன்னார்கள்.

அவர்கள் முதலில் நேர்மையாக உயிர்க் கணக்கு மட்டும் போட்டார்கள். கொட்டுக்குச் சாகிறவர்கள் எத்தனை பேர்? மிக மிகக் குறைவு. முப்பது கோடிப் பேருக்கு மேல் இருக்கும் அமெரிக்காவிலேயே 2000 முதல் 2017 வரை தேனீ, குளவி எல்லாம் சேர்த்து 1,109 பேர்தான், வருஷத்துக்குச் சராசரி 62. இவ்வளவு அபூர்வமான சாவைத் தடுக்க, இவ்வளவு பேருக்கு வருஷக்கணக்கில் ஊசி என்றால் தொகை எங்கே போய் நிற்கும்? எபிபென் கொடுத்து அனுப்புவதோடு ஒப்பிட்டால், தரமான ஓர் ஆண்டுக்கு ஒரு கோடியே எண்பது லட்சம் பவுண்டு!

வேறு மருந்தாக இருந்தால் அன்றோடு ஃபைலை மூடியிருப்பார்கள்.

அந்தக் குழு இன்னொரு கணக்கும் போட்டது. அடுத்த கொட்டை நினைத்து நடுங்கிக்கொண்டே இருக்கிறவர்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டது. சிகிச்சையால் அந்தப் பயம் குறைந்து, வாழ்க்கையின் தரம் ரொம்பச் சின்ன அளவு உயர்கிறது என்று வைத்துக்கொண்டு மறுபடி கூட்டிக் கழித்தது. இப்போது வந்த தொகை சுமார் 24 ஆயிரம் பவுண்டு.

ஒரு கோடியே எண்பது லட்சம் எங்கே, 24 ஆயிரம் எங்கே! மருந்து அதே. ஊசி அதே. பயத்தைக் கணக்கில் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

கணக்குப் பதிவியலில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்கிற கடன். கோர்ட்டில் கேஸ் நிலுவையில் இருக்கிற மாதிரி. பேலன்ஸ் ஷீட்டின் கூட்டலில் அது வராது, கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பாகத்தான் கிடக்கும். ஆனால் முதலாளிக்குத் தூக்கம் போவது அந்தப் பொடி எழுத்தால்தான். கொட்டாத குளவியும் அப்படித்தான் இத்தனை காலம் மருத்துவத்தின் அடிக்குறிப்பில் கிடந்தது. லிவர்பூல்காரர்கள் அதை மேலே தூக்கிக் கூட்டலில் சேர்த்துக் காட்டிவிட்டார்கள்.

2012 பிப்ரவரியில் நைஸ் தன் பரிந்துரையை வெளியிட்டது. கடுமையான ரியாக்ஷன் வந்தவர்களுக்கு விஷ மருந்து கொடுக்கலாம். நடுத்தரமான ரியாக்ஷன் வந்தவர்களுக்கு, மூன்று நிபந்தனைகளில் ஒன்றாவது இருந்தால் கொடுக்கலாம். ரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற பொருள் அதிகமாக இருப்பது ஒன்று. மறுபடி கொட்டு வாங்கும் வாய்ப்பு அதிகமாக இருப்பது இன்னொன்று. மூன்றாவது: இனிமேல் கொட்டுமோ என்ற கவலை. ரத்தப் பரிசோதனைக்குப் பக்கத்திலேயே, அதற்குச் சமமாக, கவலை.

அதே 2012-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, அதுவரை நடந்த ஒழுங்கான பரீட்சைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 392 பேர்தான் தேறினார்கள். சிகிச்சை அடுத்த ரியாக்ஷனைத் தடுக்கிறதா? ஆமாம். வாழ்க்கைத் தரம் கூடுகிறதா? ஆமாம். சாவைத் தடுக்கிறதா? சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பரீட்சைகளில் யாருமே சாகவில்லை. உயிர் காக்கும் சிகிச்சை என்று பெயர் வாங்கிய ஒன்று, தாளில் நிரூபித்துக்காட்ட முடிந்தது உடம்பின் அமைதியையும் மனசின் அமைதியையும்தான். இதில் இளக்காரமாக நினைக்க ஒன்றுமில்லை. அந்த ஜன்னலைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவரைக் கேளுங்கள்.

சரி, லவ்லெஸ் அம்மாவின் குளவி. கடைசியில் பார்ப்போம் என்று சொல்லியிருந்தேன்.

விஷ ஊசிச் சிகிச்சையில் இருப்பவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து உயிருள்ள பூச்சியால் கொட்டவிட்டுப் பார்ப்பது, ஜெர்மனி போன்ற சில நாடுகளில் பிற்பாடு வழக்கமாகவே ஆகிவிட்டது. மருந்து வேலை செய்கிறதா என்று டாக்டர் தெரிந்துகொள்ளத்தான். டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள், பரீட்சைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை என்று நோயாளிகளிடம் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் அதை எழுதினார்கள். கொட்டை வாங்கிக்கொண்டு ஒன்றும் ஆகாமல் எழுந்தவர்களின் மார்க், முன்பு இருந்ததைவிட நன்றாக ஏறியிருந்தது. ஏற்கெனவே மாசக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். உடம்பில் பாதுகாப்பு வந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆனாலும் குளவியே வந்து சொன்னால்தான் மனசு நம்புகிறது.

கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி என்பது நம் பழமொழி. இவர்களுக்கு அப்படியே தலைகீழ். கொட்டாதவரை அது தேளாக இருந்தது.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். கையில் டிரிப்ஸுக்கு ஊசி ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அட்ரினலின் தயார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்க்கிறார். குளவியைக் கொண்டுவந்து முழங்கைக்குக் கீழே வைக்கிறார்கள். சுருக்கென்று ஒரு வலி. பத்து நிமிடம். அரை மணி. ஒரு மணி. கொட்டிய இடம் சிவந்து வீங்கியிருக்கிறது. அரிக்கிறது. ரத்த அழுத்தம் அப்படியே இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஊசிக்குத் தேதி குறித்துக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.